ஏழு கேபிள் ஐந்தான கணக்கு

நம் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்கு அனுபவம் ஒன்றை எழுதித் தரச் சொன்னார்கள். வழக்கமாக இதை எழுதுகிறவர்கள் ஓய்வு பெற்றவர்கள். அவர்களுக்குக் கோபம் தணிந்திருக்கும். எனக்கு முப்பத்து மூன்று வயது, பத்து வருடத்துக்கு மேல் வேலை. கோபம் அப்படியே இருக்கிறது. தணிவதற்குள் எழுதிவிடுவது நல்லது. தணிந்த பிறகு எழுதினால் கதையில் எல்லாரும் நல்லவர்களாகிவிடுவார்கள்.

கேபிள் கணக்கு போடுவது எப்படி என்று இதில் சொல்லப்போவதில்லை. அதற்கு அட்டவணைகள் இருக்கின்றன, மென்பொருள் இருக்கிறது. நீங்கள் போட்ட கணக்கு உங்கள் கையை விட்டுப் போன பிறகு அதற்கு என்ன நேர்கிறது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

கிள்ளானில் ஒரு குளிர்பதனக் கிடங்கு கட்டிக்கொண்டிருந்தார்கள். மீன், ஆட்டிறைச்சி, உறைந்த காய்கறி என்று பல வியாபாரிகளின் சரக்கை ஒரே கூரைக்குக் கீழே வைக்கும் பெரிய இடம். மின்சாரம் நின்றால் மொத்தக் கிடங்கையும் தாங்குவதற்கு இரண்டாயிரம் கேவிஏ ஜெனரேட்டர். முழுச் சுமையில் அது இரண்டாயிரத்து எழுநூற்று எண்பது ஆம்பியர் தரும். அத்தனையையும் ஒரே கேபிளில் அனுப்ப முடியாது. ஒவ்வொரு ஃபேஸுக்கும் பல கேபிள்களைச் சேர்த்து இழுத்து, இரண்டு முனையிலும் ஒன்றாக இணைக்க வேண்டும். எத்தனை கேபிள் என்று கணக்குப் போட்டது நான்.

கேட்லாக்கைத் திறந்தால் அந்த அளவு கேபிள் ஒன்று அறுநூற்று எழுபது ஆம்பியர் தாங்கும் என்று இருக்கும். அது, சுற்றிலும் காற்றோட்டத்துடன், முப்பது டிகிரி வெப்பத்தில், தனியாகப் போகும் கேபிளுக்கான எண். நம் கேபிள் அப்படிப் போகவில்லை. ஜெனரேட்டர் அறையின் வெப்பம் நாற்பது டிகிரி. காங்கிரீட் பள்ளத்துக்குள், இரும்புத் தகடு மூடிய இருட்டில், ஒன்றோடொன்று ஒட்டிப் படுத்திருக்கும். வெப்பத்துக்கு ஒரு வரி, நெருக்கத்துக்கு ஒரு வரி என்று குறைத்துப் பார்த்தால் ஒரு கேபிளுக்கு நானூற்று இருபத்தேழுதான் மிஞ்சியது. ஆக, ஃபேஸுக்கு ஏழு. தாராளமும் இல்லை, கஞ்சத்தனமும் இல்லை. ஏழு.

அந்தத் தாளின் கீழே ‘தயாரித்தவர்’ என்ற கட்டத்தில் என் பெயர் இருந்தது. அதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறவள் இல்லை. அப்பா காப்பார் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டினார். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. அம்மாவுக்குப் பிறப்புப் பத்திரம் இல்லை, அதனால் பள்ளிக்கூடமும் இல்லை. எங்கள் வீட்டில் அச்சில் வந்த முதல் பெயர் என்னுடையது. இதைப் பெருமையாகவே சொல்கிறேன். இந்தப் பெருமைக்குத் தலைக்கனம் என்று வேறு பெயர் வைக்கும் ஆட்களை நீங்களும் சந்திப்பீர்கள். அவர்களில் பெரும்பாலோருக்குத் தங்கள் பெயரை முதலில் அச்சில் பார்த்த நாள் நினைவில் இருக்காது. நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய அவசியம் அவர்களுக்கு வந்ததில்லை.

நான்கு மாதம் கழித்துச் சோதனை நாள் வந்தது. ஜெனரேட்டரை ஓட்டிப் பார்த்து, படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வர வேண்டும். அடுத்த செவ்வாய்க்கிழமை கிடங்கில் முதல் சரக்கு இறங்குவதாக இருந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது காலை ஒன்பது மணி. கேபிள் இழுத்த குழுவின் ஃபோர்மேன் குணா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். நல்ல வேலைக்காரர், கலகலப்பானவர்.

“எல்லாம் சியாப் மிஸ், முடிஞ்சிருச்சு. நீங்க சைன் மட்டும் போட்டா மதியச் சாப்பாட்டுக்கு முன்னால கிளம்பிரலாம்.”

ஜெனரேட்டரின் இணைப்புப் பெட்டி திறந்திருந்தது. சிவப்பு ஃபேஸில் ஐந்து கேபிள்கள். மஞ்சளில் ஐந்து. நீலத்தில் ஐந்து. மீதி இரண்டிரண்டை எப்போது இழுக்கப் போகிறீர்கள் என்று கேட்டேன். குணாவுக்குப் புரியவில்லை. எந்த இரண்டு என்று கேட்டுவிட்டு வரைபடத்தை எடுத்து வந்து காட்டினார். மூன்றாவது திருத்தம். ஃபேஸுக்கு ஐந்து கேபிள் என்று தெளிவாக அச்சாகியிருந்தது. கூடவே கணக்குத்தாளும் இருந்தது. தயாரித்தவர் கட்டத்தில் என் பெயர்.

அங்கே நின்றபடியே அந்தத் தாளைப் படித்தேன். வெப்பத்துக்கு நான் குறைத்திருந்த வரியில் ‘1’ என்று இருந்தது. நெருக்கத்துக்கான வரியிலும் ‘1’. ஒன்றால் பெருக்கினால் எதுவும் குறையாது. பங்சாரில் இருக்கும் எங்கள் அலுவலகத்தில் ஏர்கோனுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, கிள்ளானில் இருக்கும் ஜெனரேட்டர் அறையை இரண்டு தட்டலில் குளிராக்கிவிட்டார்கள். ஒட்டிக் கிடந்த கேபிள்களைத் தள்ளித் தள்ளிப் படுக்கவைத்துவிட்டார்கள். அறுநூற்று எழுபது பெருக்கல் ஐந்து, மூவாயிரத்து முந்நூற்று ஐம்பது. பார்க்கிறவனுக்குக் கொஞ்சம் மிச்சம் இருப்பதாகக்கூடத் தோன்றும்.

மேனேஜரை அழைத்தேன். அவருடைய பெயர் இந்தக் கதைக்குத் தேவையில்லை. அவர் பதறவில்லை. கட்டடக்காரர்கள் பள்ளத்தை வரைபடத்தில் இருந்ததைவிட ஒடுக்கமாக ஊற்றிவிட்டார்களாம். ஏழு செட் அதில் அடங்காதாம். காங்கிரீட்டை உடைக்கச் சொன்னால் ஒரு மாதம் போய்விடுமாம். அதனால் ஐந்துக்குப் பொருந்தும்படி கணக்கைப் ‘பார்த்துக்கொண்டார்களாம்’. பள்ளம் தப்பாகிவிட்டது, ஆகவே கணக்கைத் திருத்தினோம் என்று ஒரு மனிதர் கூச்சமில்லாமல் சொல்ல முடியும் என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

என்னிடம் ஏன் கேட்கவில்லை என்றேன்.

“கேட்டேனே. குரூப்ல போட்டேன். உன் தம்ஸ்-அப் இருக்கு, போய்ப் பாரு.”

பார்த்தேன். இருந்தது. ‘ரெவ் சி அனுப்பியாச்சு, எல்லாரும் ஓகேயா?’ என்று மூன்றாவது திருத்தத்தைப் போட்டு அவர் வாட்ஸ்அப் குழுவில் கேட்டிருந்தார். ஒன்பது பேர் கட்டைவிரல் தூக்கியிருந்தார்கள். பத்தாவது விரல் என்னுடையது. நேரத்தைப் பார்த்ததும் நினைவு வந்தது. பிரிக்பீல்ட்ஸில் மதியச் சாப்பாட்டுக்கு வரிசையில் நின்றிருந்தேன். ஒரு கையில் தட்டு, ஒரு கையில் போன். கோப்பைத் திறக்கவில்லை. மற்றவர்கள் திறந்திருப்பார்கள் என்று நினைத்தேன். மற்ற ஒன்பது பேரும் அதையேதான் நினைத்திருக்கிறார்கள்.

இந்த இடத்தில் நான் என்னை விட்டுவிட்டு எழுதினால் அது பொய்யாகும். என் மேல் வந்த கோபத்துக்கும் மேனேஜர் மேல் வந்த கோபத்துக்கும் அன்று எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. நம் வேலையில் இப்போது முக்கால்வாசி ஒப்புதல்கள் இப்படித்தான் வாங்கப்படுகின்றன. கேட்கிறவனுக்கும் தெரியும் யாரும் திறக்க மாட்டார்கள் என்று. விரல் தூக்குகிறவனுக்கும் தெரியும். இதற்குப் பெயர் ஒப்புதல் இல்லை. குற்றம் யார் தலையில் விழுந்தாலும் பத்தாகப் பிரித்துக்கொள்வதற்கான முன்னேற்பாடு. திறந்து படிக்காத எதற்கும் விரலைத் தூக்காதீர்கள். ‘இன்னும் பார்க்கவில்லை’ என்று எழுதுங்கள். நாலு பேர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

“சரி, இப்ப டெஸ்ட்ட முடி,” என்றார் மேனேஜர். “நீ நல்லா படிச்ச பிள்ள, இல்லேன்னு சொல்லல. ஆனா புத்தகம் வேற, சைட் வேற.”

அறையில் மூன்றாவதாக ஒருவர் இருந்தார், ரஃபீக் அண்ணன். அந்தக் கிடங்கின் சார்ஜ்மேன். சட்டப்படி அந்த மின் அறைக்குப் பொறுப்பாளர் அவர்தான். கிள்ளானில் பிறந்த தமிழ் முஸ்லிம். வீட்டில் எல்லாரும் துணிக்கடையில் நிற்க, இவர் மட்டும் மின்சாரத்துக்கு வந்தவர். அவருக்கு அந்த அறையிலேயே ஒரு மேசை, நாற்காலி. தினமும் எட்டு மணி நேரம் அங்கேதான். நான் போனில் பேசியதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். என் மேல் அவருக்குப் பெரிய மரியாதை வந்ததாகத் தெரியவில்லை.

“ஓபீஸ்லேர்ந்து வர்றவங்க ஒரு நாள் வந்து பயந்துட்டுப் போயிருவாங்க,” என்று குணாவிடம் சொன்னார். “நம்ம இங்கேயே குடியிருக்கோம்.”

சோதனை தொடங்கியது. லோட் பேங்க் என்பது மின்சாரத்தைத் தின்று வெறும் சூடாக ஊதித் தள்ளும் பெரிய பெட்டி. அதைக் கேபிள்களின் மறுமுனையில், சுவிட்ச்போர்டு பக்கம் மாட்டியிருந்தார்கள். ஆனால் வாடகைக்கு வந்திருந்த பெட்டிக்குப் பாதிச் சுமைதான் கொடுக்க முடியும். முழுச் சுமைக்கு ஏன் வரவில்லை என்று கேட்டதற்கு, படிவத்தில் பாதிச் சுமை என்றுதான் இருக்கிறது என்றார்கள். அந்தப் படிவத்தை அச்சடித்ததும் எங்கள் அலுவலகம்தான்.

ஜெனரேட்டர் அழகாக ஓடியது. ஃபேஸுக்கு ஆயிரத்து முந்நூற்றுத் தொண்ணூறு ஆம்பியர். அரை மணி நேரம் கழித்துக் குணா புறங்கையைக் கேபிளில் வைத்துப் பார்த்துவிட்டுச் சூடே இல்லை என்றார். உண்மைதான். பாதிச் சுமையில் ஐந்து கேபிளும் சமாளிக்கும். அது வெடிக்கப்போகிற நாள் இதுவல்ல. என்றாவது ஒரு பிற்பகலில் கிள்ளான் முழுக்க மின்சாரம் நின்று, கிடங்கின் கம்ப்ரெஸர்கள் எல்லாம் ஜெனரேட்டரின் தலையில் ஏறும் நாள் அது. எந்த நாளுக்காக ஜெனரேட்டரை வாங்கினார்களோ அதே நாள்.

கிளாம்ப் மீட்டர் ஒன்று வேண்டும் என்று கேட்டேன். ரஃபீக் அண்ணன் தன்னுடையதை எடுத்துத் தந்தார்.

“கீழ போட்றாதீங்க மிஸ். வீட்டுக்காரிக்கு அடுத்தபடி இதுக்குத்தான் நான் பயப்படுறது.”

அந்த மீட்டரின் வாயைத் திறந்து ஒரு கேபிளைக் கவ்வினால், அந்தக் கேபிளில் மட்டும் எவ்வளவு ஓடுகிறது என்று காட்டும். படிவம் மொத்தத்தைத்தான் கேட்டது. ஒவ்வொன்றாக அளக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஐந்து கேபிளும் சமமாகப் பகிர்ந்தால் ஒவ்வொன்றிலும் இருநூற்று எழுபத்தெட்டு வர வேண்டும்.

முதலாவதில் இருநூற்று நாற்பத்தைந்து. இரண்டாவது, மூன்றாவது, நான்காவதிலும் கிட்டத்தட்ட அதே. ஐந்தாவதில் நானூற்றுப் பத்து.

மீட்டரைக் கழற்றி மறுபடி மாட்டினேன். நானூற்றுப் பத்து. மஞ்சள் ஃபேஸிலும் நீல ஃபேஸிலும் இதே கதை. ஐந்தாவது செட் எந்த வழியாகப் போகிறது என்று குணாவிடம் கேட்டேன். அவர் முகத்தில் ஒரு பெருமை வந்தது. டிரம்மில் கேபிள் தீர்ந்துவிட்டதாம். மிச்சமிருந்த துண்டு, பள்ளத்தில் வளைந்து போகும் நாற்பது மீட்டருக்குப் போதவில்லை. வீணாக்குவானேன் என்று, சுவரில் துளை போட்டு நேர்க்கோட்டில் கொண்டுபோய்விட்டார். இருபத்து நாலு மீட்டரில் வேலை முடிந்தது.

“சுத்தி வளைச்சுப் போறதுக்கு நேரா போனா நல்லதுதானே மிஸ். ஒயரும் கம்மி, ரெசிஸ்டன்ஸும் கம்மி.”

அவர் சொன்னது எந்தத் தனிக் கேபிளுக்கும் சரி. சேர்ந்து சுமக்கும் கேபிளுக்கு மட்டும் தப்பு. ஐந்தில் ஒன்று குட்டையாக இருந்தால் மின்சாரம் எளிய வழியைப் பார்த்து அதில்தான் அதிகம் ஏறும். அதனால்தான் எல்லாவற்றையும் ஒரே நீளத்தில் இழுக்கச் சொல்கிறோம். இதை நான் விளக்கத் தொடங்குவதற்குள் ரஃபீக் அண்ணன் மீட்டரை வாங்கி, தானே ஐந்தையும் ஒருமுறை அளந்தார். பிறகு குணாவைப் பார்த்தார்.

“ஃபெடரல் ஹைவேல ஜேம்னா எல்லாக் காரும் சுங்கை வே உள்ளாற பூந்து வருமே, அந்த மாதிரிடா. நீ சந்து போட்டுக் குடுத்துட்ட.”

முழுச் சுமையில் இந்த ஐந்தாவது எவ்வளவு எடுக்கும் என்று என்னைக் கேட்டார். எண்ணூற்று இருபது என்றேன். தனியாகச் சுவரில் போவதால் அறுநூறு வரை தாங்கும், அதற்கு மேல் அது எரிவதற்கு நேரம் பார்த்துக்கொண்டிருக்கும். மற்ற நாலும் நானூற்றுத் தொண்ணூறு எடுக்கும், அவையும் தாங்காது. ஐந்தில் ஒன்றுகூடத் தப்பாது.

ரஃபீக் அண்ணன் திரும்பிச் சுவரைப் பார்த்தார். அந்த ஐந்தாவது செட் அவருடைய நாற்காலிக்குப் பின்னால், தோள் உயரத்தில் போனது. வெளியே போகும் ஒரே கதவும் அந்தச் சுவரில்தான்.

மேனேஜருக்கு மறுபடி போன் போட்டு, எல்லாரும் கேட்கும்படி வைத்தேன். எண்களைச் சொன்னேன். அவர் அதை மறுக்கவில்லை. அதுதான் இன்றுவரை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாதது. எண் தப்பு என்று சண்டை போட்டிருந்தால்கூட மதித்திருப்பேன்.

“ஃபாரம்ல என்ன கேட்டிருக்கு? டோட்டல். டோட்டல் சரியா வந்துச்சா இல்லியா? உன்ன யாரு ஒவ்வொண்ணா அளக்கச் சொன்னது?”

“யாரும் சொல்லல சார். என் பேரு போட்டிருக்கு, அதான் அளந்தேன்.”

“செவ்வாக்கிழம சரக்கு வருதும்மா. நீ சைன் போடலேன்னா நாளைக்கு வேற ஆள அனுப்புவேன். அவன் போடுவான். உனக்குத்தான் கெட்ட பேரு.”

போனை வைத்துவிட்டேன். இப்போது கவனியுங்கள். இதுவரை சொன்னதெல்லாம் புலம்பல். உங்களுக்குப் பயன்படக்கூடியது இதுதான்.

எனக்கு முதலில் வந்த எண்ணம், படிவத்தை மேசையில் விட்டெறிந்துவிட்டு வெளியே போவது. கையெழுத்துப் போட மாட்டேன் என்பது கேட்பதற்கு வீரமாக இருக்கும். ஆனால் நான் போன பிறகு அங்கே என்ன மிஞ்சும்? ஒரு வெற்றுப் படிவம். வெற்றுப் படிவத்தில் நாளைக்கு யார் வேண்டுமானாலும் மொத்தத்தை மட்டும் எழுதிக் கையெழுத்துப் போடலாம். நான் வந்ததற்கே தடயம் இருக்காது. வேண்டுமானால் பயந்து ஓடியவள் என்பார்கள்.

உட்கார்ந்தேன். பேனாவால் படிவத்தில் கோடு போட்டு, அச்சில் இல்லாத பதினைந்து கட்டங்கள் வரைந்தேன். மூன்று ஃபேஸ், ஐந்தைந்து கேபிள், பதினைந்து எண்கள். நாற்பது மீட்டர், இருபத்து நாலு மீட்டர் என்று நீளங்கள். அறையின் வெப்பம். முழுச் சுமையில் ஒவ்வொன்றும் எவ்வளவு எடுக்கும், எவ்வளவு தாங்கும். கீழே, ‘ஐந்து கேபிள் என்ற கணக்கு நான் போட்டதல்ல, திருத்தத்தைப் படிக்காமல் வாட்ஸ்அப்பில் சம்மதித்தது என் தவறு, இந்த நிலையில் கட்டடத்தின் சுமையை இதில் ஏற்றக்கூடாது’ என்று எழுதினேன். அதன் கீழே முழுப் பெயரையும் எழுதி, கையெழுத்துப் போட்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நிதானமாகக் கையெழுத்துப் போட்டதில்லை.

ரஃபீக் அண்ணன் படிவத்தை வாங்கி, எழுத்துக்கூட்டிப் படிப்பதுபோல் மெதுவாகப் படித்தார். அளந்ததற்குச் சாட்சி என்று தன் பெயரையும் போட்டார். போனில் படம் எடுத்துக்கொண்டார். பிறகு எழுந்துபோய், கட்டடத்தின் சுமையை ஜெனரேட்டருக்கு மாற்றும் சுவிட்சில் தன் பூட்டைப் போட்டு, சாவியைச் சட்டைப் பையில் வைத்தார். அந்தப் பூட்டை அவரைத் தவிர வேறு யாரும் திறக்க முடியாது. மேனேஜராலும் முடியாது.

“வேற ஆளு வரட்டும்,” என்றார். “அந்தாளு முதல்ல என் நாக்காலில ஒரு மணி நேரம் உக்காரட்டும். அப்பறம் பேசலாம்.”

மறுநாள் வேறு ஆள் வந்தார். நம்மைப் போன்ற ஒரு பொறியாளர்தான். ரஃபீக் அண்ணன் படிவத்தின் படத்தைக் காட்டி, இதற்குப் பக்கத்தில் உங்கள் பெயரைப் போடுங்கள், பூட்டைத் திறக்கிறேன் என்றாராம். வந்தவர் பதினைந்து எண்களையும் படித்துவிட்டு, போன் பேசப் போகிறேன் என்று வெளியே போனவர் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டாராம். எழுதி வைத்த எண்களுக்கு அந்தச் சக்தி உண்டு. அதைப் படித்த பிறகு தெரியாது என்று சொல்ல முடியாது.

செவ்வாய்க்கிழமை சரக்கு வரவில்லை. உடைத்தால் ஒரு மாதம் போய்விடும் என்ற காங்கிரீட்டை மூன்று நாளில் உடைத்தார்கள். பழைய பள்ளத்தை அகலப்படுத்தி, ஃபேஸுக்கு ஏழு கேபிள், எல்லாம் ஒரே நீளத்தில், புதிதாக இழுத்தார்கள். எனக்கு அதில் வேலை இல்லை. மூன்று வாரம் சுங்கை வேயில் ஒரு பழைய தொழிற்சாலையில் விளக்குகளை எண்ணிக் குறிக்க அனுப்பிவிட்டார்கள். நான்காவது திருத்தம் வெளியானபோது திறந்து பார்த்தேன். வெப்பத்துக்கு ஒரு வரி, நெருக்கத்துக்கு ஒரு வரி, ஏழு கேபிள். ஒரு புள்ளி விடாமல் என் முதல் கணக்கு. தயாரித்தவர் கட்டத்தில் மேனேஜரின் பெயர். அலுவலகக் கூட்டத்தில் இதைக் குழுவின் கூட்டு முயற்சி என்றார்கள். கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. தட்டாததற்கும் தலைக்கனம் என்றார்கள்.

உங்களுக்கும் இது நடக்கும். அப்போது, பெயர் போனால் என்ன, வேலை நடந்துவிட்டதே என்று யாராவது ஆறுதல் சொல்வார்கள். ஏற்றுக்கொள்ளாதீர்கள். இரண்டும் வேண்டும் என்று கேளுங்கள். நான் கேட்டு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன். பதில் வரவில்லை. மாதம் ஒருமுறை அதே மின்னஞ்சலை மறுபடி அனுப்புகிறேன்.

சுங்கை வேயில் இருந்த கடைசி வாரம், ஒரு நண்பகல், ஏணியில் நின்றபோது போன் வந்தது. ரஃபீக் அண்ணன். பின்னால் ஜெனரேட்டரின் சத்தம். பெரிய லோட் பேங்க் கொண்டுவந்து முழுச் சுமையில் ஓட்டிக்கொண்டிருக்கிறார்களாம். என்னை யாரும் கூப்பிடவில்லை என்பது அவருக்கும் தெரியும்.

“எழுதிக்கிறீங்களா மிஸ்? ரெட் ஃபேஸ். ஒண்ணு, முந்நூத்தித் தொண்ணூத்தாறு.”

ஏணியிலேயே உட்கார்ந்து, விளக்குகளை எண்ணிய தாளின் பின்பக்கத்தில் எழுதினேன். தொண்ணூற்றெட்டு. தொண்ணூற்றேழு. சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தி, இருபத்தொரு எண்களையும் சொன்னார். ஒன்றுகூட நானூற்றைத் தாண்டவில்லை.

“பூட்ட எடுக்கட்டுமா மிஸ்?”

அவர் என்னைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. சட்டப்படி அது அவர் முடிவு. அந்த வேலையில் எனக்கு அப்போது எந்த இடமும் இல்லை. இருபத்தொரு எண்களையும் மேலிருந்து கீழே இன்னொரு முறை பார்த்தேன்.

“எடுங்கண்ணே,” என்றேன்.